நாக்கின் அடியில் ஒரு வெடிமருந்து

1847-ஆம் வருஷம், இத்தாலியின் டூரின் நகரத்தில், குளிரவைத்த நைட்ரிக் அமிலமும் கந்தக அமிலமும் சேர்ந்த திராவகத்தில் கிளிசரினைத் துளித்துளியாக விட்டு, அதிலிருந்து கிடைத்த எண்ணெய் போன்ற வஸ்துவில் இம்மியளவை நாக்கில் வைத்துப் பார்த்த அஸ்கானியோ சொப்ரேரோ என்ற ரசாயன சாஸ்திரிக்கு, மணிக்கணக்கில் மண்டை பிளக்கும் வலி கண்டது. அந்த நைட்ரோகிளிசரினை நுண்துளை நிறைந்த மண்ணில் ஊறவைத்து ஆல்பிரட் நோபெல் டைனமைட் ஆக்கியதும், அது மலைகளைக் குடைந்ததும் வாசகர்கள் அறிந்த கதை.

என் மனத்தை ஈர்ப்பது அந்தத் தலைவலிதான். வெடிமருந்துச் சாலைத் தொழிலாளருக்கு ஞாயிறு ஓய்வுக்குப்பின் திங்கட்கிழமை தோறும் அது வந்து, வாரம் நகர நகர உடல் பழகியதும் மறைந்தது. பழக்கம் விட்டுப்போகாதிருக்க, விடுமுறை நாளில் தொப்பியின் உள்பட்டையில் அதைச் சிறிது தடவிக்கொண்டவர்களும் உண்டாம். ரத்தநாளங்களைத் தளர்த்தி விரிக்கும் குணமே அவ்வலிக்குக் காரணம். அதே குணம் இருதயத்தின் பளுவைக் குறைத்து மார்வலியைத் தணிக்கும் என்பதை 1879-இல் லண்டன் வைத்தியர் வில்லியம் மர்ரெல் விவரித்தார். நோபெலுக்கே அந்திமக் காலத்தில் அது மருந்தாக எழுதித் தரப்பட்டது. மக்கள் அஞ்சாதிருக்க டிரைநைட்ரின் என்று வேறு பெயர் சூட்டியிருந்தார்கள். மாத்திரையில் உள்ளது ஒரு மில்லிகிராமுக்கும் குறைவாதலால் வெடிக்குமோ என்ற பயம் வேண்டாம். இது வலியைத் தணிக்குமேயன்றி நோயைத் தீர்க்காது என்று சொல்வோர் சொல்வதும் மெய்யே.

எனக்குள்ள கவலை வேறு: இது ஆவியாகிப் போகும் மருந்து. எங்கள் தெருவில் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர், பழுப்புக் கண்ணாடிப் புட்டியில் வந்த மாத்திரைகளை, உடையுமென்று அஞ்சி, பஞ்சடைத்த பிளாஸ்டிக் டப்பியில் மாற்றிச் சட்டைப்பையில் வெயிலோடு சுமந்து திரிந்தார். பஞ்சும் பிளாஸ்டிக்கும் மருந்தை உறிஞ்சிவிட, மார்பு இறுகிய ஒரு சாயங்காலம் நாக்கடியில் வைத்த மாத்திரை வெறும் மாவாகக் கரைந்தது. நல்லவேளையாக, ஐந்து நிமிஷத்தில் வலி தணியாதது கண்டு மகன் 108-ஐ அழைத்துவிட்டான். மேஜை இழுப்பறையிலும் சுவாமி அலமாரியிலும் இப்படிச் சத்திழந்த மாத்திரைகள் எத்தனை வீடுகளில் காவல் காக்கின்றனவோ!

இப்போது அவர் வீட்டில் புட்டியை மாற்றுவதில்லை. மூடியை இறுக்கி, திறந்த தேதியைச் சீட்டில் எழுதி ஒட்டியிருக்கிறார் அவருடைய மனைவி. மாத்திரை போடுமுன் ரத்த அழுத்தம் சட்டென்று இறங்குமென்று அவரை உட்காரவைப்பதும் அந்த அம்மாள்தான்.