கோட்லெஸ் போன் வேலை செய்யாவிட்டால்

புத்தளம் களப்போரத் தில்லையடியில் உப்புக்காற்று. நமது மலைத் தோட்டங்களில் ஈரமும் பனியும். இரண்டுமே கோட்லெஸ் போனுக்கு ஆகாது. சார்ஜ் ஏறவில்லையா? கரண்ட் வயரைக் கழற்றிவிட்டு, ரிசீவரிலும் அதை வைக்கும் பெட்டியிலும் உள்ள சிறு தகடுகளை உலர்ந்த துணியால் துடைப்போம். அப்படியும் சரிவராவிட்டால் பற்றரி தேய்ந்திருக்கலாம். அதே வகை, சார்ஜ் ஏறும் பற்றரியையே போட வேண்டும். டோர்ச் பற்றரி போட்டால் சூடாகி ஒழுகும், ஆபத்து. இரைச்சல் கேட்டால் பெட்டியை டீவி, இரும்பு அலுமாரி பக்கத்திலிருந்து தள்ளி வைப்போம்.

ஒன்றை மறக்கக் கூடாது. கரண்ட் நின்றால் பெட்டியும் நின்றுவிடும்; ரிசீவரில் சார்ஜ் இருந்தும் பேச முடியாது. இராத்திரியில் 1990 அம்புலன்ஸைக் கூப்பிட வேண்டி வரலாம். ஆகவே சார்ஜ் உள்ள கைத்தொலைபேசி ஒன்றையும் வீட்டில் வைத்திருப்போம்.