கிரிவலப் பாதையில் கையேந்தும் பிஞ்சுகள்
5 ஆண்டு ஜெயில் யாருக்கு?

திருவண்ணாமலை,

பௌர்ணமி ராத்திரி. 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதை முழுக்க ஜனக்கூட்டம். "சாமி, குழந்தை பாலுக்கு ஏதாச்சும் போட்டுட்டுப் போங்க" என்று ஓரத்தில் இருந்து குரல் வரும். மடியில் கைக்குழந்தை. அத்தனை சத்தத்திலும் அது அசையாமல் தூங்கும். எப்படித் தூங்குகிறது என்று யாரும் கேட்பதில்லை.

நாலு எட்டு வைத்தால், "அக்கா, ஒரு ரூபா குடுக்கா" என்று சேலையைப் பிடித்து இழுக்கும் ஏழு வயதுப் பொடியன். புண்ணியம் என்று சில்லறையைப் போட்டுவிட்டு நடையைக் கட்டுகிறார்கள் பக்தர்கள்.

இந்தப் பிஞ்சுகளுக்கு அரசியல் சட்டம் என்ன பாதுகாப்பு தருகிறது?

14 வயதுக்கு உட்பட்டவர்களைத் தொழிற்சாலை, சுரங்கம், ஆபத்தான வேலைகளில் சேர்க்கக் கூடாது என்று 1950-லேயே சொன்னது 24-வது பிரிவு. கிரிவலப் பாதை தொழிற்சாலையா, சுரங்கமா? ரெண்டும் இல்லையே!

2002-ல் 86-வது திருத்தம் வந்தது. 6 முதல் 14 வயது வரை இலவசக் கட்டாயக் கல்வி அடிப்படை உரிமை ஆனது. 2010 ஏப்ரல் 1-ந் தேதி அதற்கான சட்டமும் அமலானது. பொடியன் இதில் வந்துவிடுவான். மடியில் தூங்கும் குழந்தை வராது. 6 வயதுக்கு உட்பட்டவர்களைக் கவனிக்கும்படி 45-வது பிரிவு அரசுக்கு வழிதான் காட்டுகிறது. அதை மட்டும் வைத்துக் கோர்ட்டுப் படி ஏற முடியாது.

தென் ஆப்பிரிக்காவில் இந்த வயதுக் குழப்பம் இல்லை. 18 வயதுக்கு உட்பட்ட எல்லோரும் குழந்தைகள், அவர்கள் நலனே முதன்மை என்று 1996-ம் ஆண்டு அரசியல் சட்டத்திலேயே எழுதிவிட்டார்கள்.

கைகொடுக்கும் 23-வது பிரிவு

இங்கே வயது பார்க்காமல் கைகொடுப்பது 23-வது பிரிவுதான். மனித வியாபாரமும் கட்டாய உழைப்பும் குற்றம் என்கிறது அது. வாடகைக் குழந்தையைக் காட்டிக் காசு பறிப்பவர் தப்ப முடியாது.

2015-ம் ஆண்டு சிறார் நீதிச் சட்டம் இன்னும் கடுமை. 18 வயதுக்கு உட்பட்ட யாரைப் பிச்சை எடுக்க வைத்தாலும் 5 ஆண்டு வரை கம்பி எண்ண வேண்டும். 1 லட்சம் ரூபாய் அபராதமும் உண்டு. பிச்சைக்காக ஊனப்படுத்தினால் 7 முதல் 10 ஆண்டு வரை ஜெயில். குழந்தையைப் பொறுப்பில் வைத்திருப்பவர் உடந்தை என்றால் அவருக்கும் அதே தண்டனைதான். வயிற்றுப் பாட்டுக்கு வந்த ஏழைத் தாயும் இதில் மாட்டலாம் என்பதுதான் சங்கடம்.

பிள்ளை மீது வழக்கு கிடையாது. 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக்குழு முன் கொண்டுபோக வேண்டும். வீட்டுக்கு அனுப்புவதா, இல்லத்தில் சேர்ப்பதா என்று விசாரித்து முடிவு செய்வது அந்தக் குழு.

சந்தேகம் வந்தால் 1098-க்கு போன் போடலாம். காசு கிடையாது. நடுராத்திரியிலும் எடுப்பார்கள்.