பாத்தியை விடுவதா, பாதையை மாற்றுவதா?

கிழக்குக் கடற்கரைச் சாலை வழியே சென்னையிலிருந்து புதுச்சேரிக்குச் செல்வோர் மரக்காணத்தை நெருங்கும்போது ஒரு காட்சியைக் காணலாம். கண்ணுக்கெட்டிய தூரம் வரை கண்ணாடி பதித்தாற்போன்ற பாத்திகள்; வரப்புகளின் மேல் வெண்ணிறக் குவியல்கள். விழுப்புரம் மாவட்டத்தின் இக்கடலோரத்தில் ஏறத்தாழ 3,000 ஏக்கரில் உப்பு விளைகிறது. சிறுபாணாற்றுப்படை கூறும் எயிற்பட்டினம் இவ்வூரே என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. வழிப்போக்கருக்கு இது காட்சி. இங்கு முதல் போட்டவருக்கோ ஆண்டுதோறும் எழுதும் தேர்வு.

சிறிய அளவில் உப்பளம் நடத்தும் ஒருவருக்கு இரண்டு ஆண்டுகள் அடுத்தடுத்து நட்டம் வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். வட்டிக்கடைக்குச் சென்ற இல்லாளின் நகை இன்னும் மீளவில்லை. “விடாமுயற்சி வெற்றி தரும்” என்கிறார் ஓர் உறவினர். “ஆழம் தெரியாமல் காலை விடாதே, இப்போதே விலகிவிடு” என்கிறார் மற்றொருவர். இருவரும் நல்லெண்ணத்துடன்தான் பேசுகின்றனர். ஆனால் நட்டம் எங்கிருந்து வந்தது என்ற வினாவை இருவரும் எழுப்பவில்லை. அதற்கு விடை காணாமல் தொடர்வதும் தவறு, விலகுவதும் தவறு.

வானம் தந்த நட்டம்

மரக்காணத்தில் ஆண்டின் தொடக்கத்தில் பாத்திகளைச் செப்பனிட்டு, கோடை முழுதும் உப்பு வாருவர். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. அப்போது தொழில் இல்லை. 2024 நவம்பர் 30ஆம் நாள் இரவு புதுச்சேரி அருகே கரையைக் கடந்த ஃபெஞ்சல் புயல் போன்றவை வந்தால் வரப்புகள் உடைந்து, குவித்து வைத்த உப்பும் கரைந்து போகும்.

இத்தகைய இழப்பு அனைவருக்கும் பொதுவானது. தொழில் கெட்டுவிட்டது என்பதற்கோ, நடத்துபவர் திறமையற்றவர் என்பதற்கோ இது சான்றாகாது. எனினும், மழைக்கால மூன்று மாதங்கள் எதிர்பாராத விபத்தும் அல்ல. அவை நாட்காட்டியிலேயே உள்ளவை. தமிழக அரசு உப்பளத் தொழிலாளர் குடும்பங்களுக்கு மழைக்கால நிவாரணமாக 5,000 ரூபாய் வழங்கும் திட்டத்தை 2022இல் தொடங்கியதும் இதனை உணர்ந்தே. ஒன்பது மாத வரவைப் பன்னிரண்டு மாதங்களுக்குப் பங்கிடாதவர் தொழிலைக் குறை கூறுகிறார். உண்மையில் குறை கணக்கில் இருக்கிறது. அவர் மாற்ற வேண்டியது தொழிலை அன்று, செலவிடும் முறையை.

விதி மாற்றிய சந்தை

இரண்டாவது வகை நட்டம் சந்தையிலிருந்து வருவது. அயோடின் சேர்க்காத உப்பை உண்பதற்காக விற்கக் கூடாது என்ற மத்திய அரசின் விதி 1998 மே மாதம் நடைமுறைக்கு வந்தது. 2000 செப்டம்பரில் நீக்கப்பட்டது. 2006 மே 17 முதல் மீண்டும் வந்தது. உற்பத்தி நிலையிலேயே உப்பில் அயோடின் சேர்க்க வேண்டும். வாங்குவோர் கையை அடையும்போது பத்து லட்சம் பங்கு உப்பில் 15 பங்கேனும் எஞ்சியிருக்க வேண்டும் என்பது அளவு. முன்கழுத்துக் கழலை போன்ற நோய்களைத் தடுக்கும் நல்ல நோக்கம்தான். ஆயினும் சிறு உற்பத்தியாளரால் தனியே இயந்திரம் வாங்க இயலுமா?

இங்கே பழையபடியே தொடர்வேன் என்று நிற்பது விடாமுயற்சி அன்று, வெறும் பிடிவாதம். மழை அடுத்த ஆண்டு குறையலாம். மாறிவிட்ட சந்தை தானாகத் திரும்பி வராது. பலர் சேர்ந்து ஓர் இயந்திரம் வாங்குவதா, கருவாட்டுக்கும் தோலைப் பதப்படுத்துவதற்கும் தேவைப்படும் உப்பை விற்பதா என்று வழி தேட வேண்டும். பாத்தி அதுவே, வாங்குவோர் வேறு.

பிரான்சு நாட்டின் மேற்குக் கரையில் கெராந்த் என்ற ஊர் உள்ளது. இயந்திர உப்பின் மலிவு விலைக்கு ஈடுகொடுக்க இயலாமல், 1970களில் அங்குக் கைத்தொழிலாக உப்பு எடுப்போர் அழியும் நிலையில் இருந்தனர். அவர்கள் 1972இல் உற்பத்தியாளர் குழுவாக இணைந்தனர். 1979 முதல் இளைஞர்களுக்குத் தொழில் பயிற்சி அளித்தனர். 1988இல் கூட்டுறவு அமைத்தனர். கையால் வாரும் உப்பு என்பதையே சிறப்பாகக் கூறி நல்ல விலை பெற்றனர். உப்பை அவர்கள் விடவில்லை. தனித்தனியே மொத்த விலைக்குத் தள்ளிவிடும் பழக்கத்தை விட்டனர்.

அண்டை வீட்டாரைப் பார்த்து எடுத்த முடிவு

மாற்றம் எல்லாம் நன்மையே என்றும் எண்ணிவிடலாகாது. 1990களின் தொடக்கத்தில் தமிழக, ஆந்திரக் கடலோரங்களில் இறால் வளர்ப்பு பெரும் பொருளீட்டித் தந்தது. ஒருவர் குளம் வெட்டினால் அடுத்தவரும் வெட்டினார். 1994, 1995ஆம் ஆண்டுகளில் வெண்புள்ளி நோய் பரவி, கடன் வாங்கியோரை நிலைகுலைய வைத்தது. 1996 டிசம்பர் 11ஆம் நாள் உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பு, விளைநிலங்களையும் உப்பள நிலங்களையும் இறால் குளங்களாக மாற்றக் கூடாது என்றது. இறால் வளர்ப்பைப் பதிவு முறைக்குள் கொண்டுவரும் சட்டம் 2005இல்தான் வந்தது.

இதில் ஒரு நுட்பம் உண்டு. உப்புப் பாத்தியின் தரை பல ஆண்டுகள் மிதித்து இறுக்கப்பட்டது. அதை ஆழமாகத் தோண்டிவிட்டால், மீண்டும் பாத்தியாக்குவது எளிதன்று. எனவே மாற்றங்களில் இரு வகை உண்டு: திரும்பி வர வழியுள்ளவை, வழியற்றவை. முதல் வகையைச் சிறிய அளவில் செய்து பார்த்துவிடலாம். இரண்டாம் வகைக்கு நீண்ட யோசனை வேண்டும். அண்டை வீட்டாரின் இலாபம் நம் கண்ணுக்குத் தெரியும். அவர் கடன் தெரியாது.

முடிவெடுக்கும் முறை

கடையோ தையற்கூடமோ எதுவாயினும் இந்த முறை பொருந்தும். முதலாவது, தொழில் பணத்தையும் வீட்டுப் பணத்தையும் தனித்தனியே எழுதுங்கள். தமக்கும் தம் மக்களுக்கும் உரிய கூலியைச் செலவில் சேர்க்காதவர், நட்டத்தையே இலாபம் என்று எண்ணி ஏமாறுவார். இரண்டாவது, இன்னும் எவ்வளவு முதல், எந்த மாதம் வரை என்ற எல்லையைப் பருவம் தொடங்கும் முன்பே குறித்து வையுங்கள். நட்டத்தின் நடுவில் நின்றுகொண்டு எல்லை வகுக்க எவராலும் இயலாது. மூன்றாவது, ‘மஷூரா’ என்பது நம் இல்லங்களில் வழங்கும் சொல். அந்தக் கலந்தாலோசனையில் இல்லத்தரசியும் அமரட்டும். அடகுக்குச் செல்லும் நகை அவருடையது அல்லவா?

எல்லை வந்த பின்னும் நட்டம் நின்றபாடில்லை, புதிய வாங்குவோரும் இல்லை என்றால், தயங்காமல் விலகுங்கள். அதில் இழிவு ஒன்றும் இல்லை. கடன் மிஞ்சாமல் கடையை மூடுபவர், அடுத்த கடையைத் திறக்கும் தகுதியுடனேயே வெளியேறுகிறார்.

உப்பு எடுப்போருக்கு இது புதிய பாடமன்று. ‘போமே’ என்னும் அளவுப்படி கடல்நீரின் செறிவு ஏறத்தாழ 3 பாகை. அது 25 பாகையை எட்டும் வரை பொறுத்திருக்க வேண்டும்; அவசரப்பட்டால் உப்பு இல்லை. 29, 30 பாகையைத் தாண்டியும் அந்த நீரைத் தேக்கி வைத்தால் மக்னீசிய உப்புகள் கலந்து கசக்கும்; ஆதலால் அதை வடித்துவிடுவர். பொறுப்பதற்கும் ஓர் அளவு, விடுவதற்கும் ஓர் அளவு. இரண்டையும் அவர்கள் மனம்போன போக்கில் அன்றி, அளந்து பார்த்தே முடிவு செய்கின்றனர்.