பெற்றோர் பார்வையாளர் அல்லர்

குழந்தை மருத்துவமனையில் படுத்திருக்கும்போது, பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் அம்மா அப்பாவுக்கு ஆறுதல் சொல்ல எல்லோரும் முன்வருவார்கள். ஊரிலிருந்து போன் மேல் போனாக வரும். "ஒண்ணும் ஆகாது, தைரியமா இரு" என்பார்கள். கோயிலுக்கோ தர்காவுக்கோ மாதாவுக்கோ நேர்ந்துகொண்டதாகச் சொல்வார்கள். அந்த அன்பு பெரிது. ஆனாலும் போனை வைத்ததும் பயம் திரும்பி வந்துவிடும். அந்தப் பயத்தில் நோய் பாதி, தெரியாமை பாதி. இந்த மருந்து எதற்கு, கையெழுத்துப் போட்ட தாளில் என்ன இருந்தது, இன்சூரன்ஸ் அப்ரூவல் வருமா, நாளைக்கு டியூட்டிக்குப் போகாவிட்டால் என்ன ஆகும்? ஐக்கிய அரபு அமீரகத்தின் அஜ்மானில் வாழும் தமிழ்ப் பெற்றோருக்கு இது இன்னும் கனமானது. படிவங்கள் அரபியிலும் ஆங்கிலத்திலும் இருக்கும். மாற்றி மாற்றிப் பார்த்துக்கொள்ளப் பாட்டியோ சித்தியோ அருகில் இல்லை. வாடகை குறைவு என்று அஜ்மானில் குடியிருந்து துபாயில் வேலை பார்க்கும் அப்பா, மாலை நெரிசலில் ஊர்ந்து வந்து சேரும்போது டாக்டர் ரவுண்ட்ஸ் முடித்துப் போயிருப்பார். இந்தப் பெற்றோருக்கு உண்மையான ஆறுதல், தாங்கள் அங்கே யார், தங்களுக்கு என்ன உரிமை உண்டு, எதில் எச்சரிக்கை வேண்டும் என்று தெரிந்திருப்பதுதான் என்று நினைக்கிறேன். அவர்கள் அங்கே பார்வையாளர்கள் அல்லர். சிகிச்சையில் அவர்களுக்கும் ஓர் இடம் உண்டு.

இதை மருத்துவ உலகமே தாமதமாகத்தான் ஒப்புக்கொண்டது. இரண்டாம் உலகப் போரை ஒட்டிய ஆண்டுகளில், வாரத்துக்கு ஒருமுறைதான் பெற்றோரை உள்ளே விடுவோம் என்ற மருத்துவமனைகள் பிரிட்டனில் இருந்தன. அவர்கள் வந்துபோனால் குழந்தை அழுகிறது, தொற்று பரவும் என்று காரணம் சொன்னார்கள். 1952-இல் ஜேம்ஸ் ராபர்ட்சன் என்ற ஆய்வாளர் இரண்டு வயதுச் சிறுமி ஒருத்தியின் மருத்துவமனை நாட்களைப் படமெடுத்துக் காட்டினார். அழாமல் அடங்கியிருக்கும் பிள்ளை சமாதானமாகிவிட்டது என்று செவிலியர்கள் நம்பியிருந்தார்கள். அது நம்பிக்கை இழந்து ஒடுங்கிப்போயிருக்கிறது என்பதை அந்தப் படம் புரியவைத்தது. 1959-இல் பிரிட்டனில் அரசு அமைத்த பிளாட் குழுவின் அறிக்கை, பெற்றோர் வந்துபோவதற்குக் கட்டுப்பாடு கூடாது என்றது. 1988-இல் நெதர்லாந்தின் லெய்டன் நகரில் உருவான சாசனம், எந்நேரமும் பெற்றோர் உடனிருப்பது குழந்தையின் உரிமை என்று எழுதிவைத்தது. இங்கே உரிமை குழந்தையுடையது என்பதைக் கவனிக்க வேண்டும். உடனிருப்பது மனத்துக்கு மட்டும் நல்லது என்றும் நினைக்க வேண்டாம். டெல்லி சஃப்தர்ஜங் உட்பட ஐந்து நாடுகளின் மருத்துவமனைகளில், எடை மிகக் குறைந்து பிறந்த 3,211 குழந்தைகளிடம் நடந்த ஆய்வு 2021-இல் வெளியானது. பிறந்தவுடனேயே தாயின் மார்போடு அணைத்து வைத்துப் பராமரித்த பிரிவில் இறப்பு கால்பங்கு குறைந்தது. தீவிர சிகிச்சைப் பிரிவில் தாய்க்கும் ஒரு கட்டில் போட்டதால் கிடைத்த பலன் அது.

'பெற்றோர் குறுக்கே நிற்கிறார்கள், பதற்றத்தில் எதையாவது சொல்கிறார்கள்' என்று மருத்துவர்கள் சலித்துக்கொள்வது உண்டு. அறுவை அரங்கிலும் ஐசியூவிலும் சில நேரங்களில் வெளியே நிற்கச் சொல்வது நியாயமே. ஆனால் பெற்றோரின் பதற்றத்தை ஒதுக்கித் தள்ளியதற்கு உலகம் கொடுத்த விலை பெரிது. ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்தில் 2007-இல் ரயான் சாண்டர்ஸ் என்ற மூன்று வயதுகூட நிரம்பாத சிறுவனும், லண்டனில் 2021-இல் மார்த்தா மில்ஸ் என்ற 13 வயதுச் சிறுமியும், நிலைமை மோசமாகிறது என்று பெற்றோர் சொல்லியும் உரிய நேரத்தில் கவனிக்கப்படாமல் இறந்தார்கள். அவர்கள் பெயரிலேயே 2013-இல் குவீன்ஸ்லாந்திலும் 2024-இல் இங்கிலாந்திலும், பெற்றோர் கேட்டால் வேறொரு மருத்துவக் குழு வந்து பார்க்க வேண்டும் என்ற விதிகள் வந்தன. பெற்றோரின் கவலையும் ஒரு நோய்க்குறிதான் என்று அந்த நாடுகள் ஏற்றுக்கொண்டன. அப்படி ஒரு விதி இல்லாத இடத்திலும் கேட்க வாய் இருக்கிறது. "பிள்ளை சரியில்லை" என்று மட்டும் சொல்வதைவிட, "காலையிலிருந்து சிறுநீர் போகவில்லை, மூச்சு இழுக்கும்போது விலா உள்ளே போகிறது, கூப்பிட்டால் கண் திறக்க மாட்டேன் என்கிறான்" என்று மாற்றத்தைச் சொன்னால் உடனே கவனிப்பார்கள். வார்டில் மலையாளி நர்ஸ்கள் பலர் இருப்பது நமக்கு ஒரு வசதி. பாதிக்குமேல் தமிழிலேயே சொல்லிவிடலாம். அப்போதும் திருப்தி இல்லையென்றால் பொறுப்பு நர்ஸையோ பணியிலுள்ள மூத்த மருத்துவரையோ பார்க்க வேண்டும் என்று கேளுங்கள். இரவு இரண்டு மணியானாலும் கேட்கலாம்.

இன்னொன்று. மானிட்டர் கத்தினாலே உயிர் போவதுபோல் இருக்கும். விரலில் மாட்டிய கிளிப் நழுவினாலும், பிள்ளை கையை உதறினாலும் அது கத்தும். முதலில் பிள்ளையின் உதட்டு நிறத்தையும் மூச்சையும் பாருங்கள், கூடவே நர்ஸைக் கூப்பிடுங்கள். மற்ற நேரத்தில் அந்த எண்களையே வெறித்துக்கொண்டிருக்காமல் ஒரு கதை சொல்லுங்கள். பிரேசிலில் ஐசியூவில் இருந்த 81 குழந்தைகளிடம் செய்த ஆய்வொன்று 2021-இல் வந்தது. கதை கேட்ட பிள்ளைகளுக்கும் விடுகதை விளையாடிய பிள்ளைகளுக்கும் மன அழுத்தத்தைக் காட்டும் கார்டிசால் குறைந்தது. வலியும் குறைந்ததாகச் சொன்னார்கள். கதை கேட்டவர்களுக்குப் பலன் இன்னும் கூடுதல். வீட்டில் சொல்லும் அதே நரிக்கதை, அதே தமிழ், போதும்.

இனி சட்டம். அமீரகத்தின் மருத்துவப் பொறுப்புச் சட்டம் (2016-ஆம் ஆண்டின் 4-ஆம் எண் ஆணைச்சட்டம்) நோயின் நிலையையும் சிகிச்சை வழிகளையும் நோயாளிக்கோ குடும்பத்துக்கோ மருத்துவர் சொல்ல வேண்டும் என்கிறது. அவசர நிலை தவிர, அறுவை சிகிச்சைக்கு முன்பு அதன் விளைவுகளை விளக்கி ஒப்புதல் பெற வேண்டும். சிறு பிள்ளைக்காக அந்த ஒப்புதலைக் குடும்பத்தார் தருகிறார்கள். கையெழுத்து அப்பாவுடையதாக இருக்க வேண்டும் என்று மருத்துவமனை கேட்கக்கூடும். எனவே அவர் தூரத்தில் வேலை பார்த்தால் முன்கூட்டியே கேட்டுவைப்பது நல்லது. கன்சென்ட் ஃபார்மை நீட்டும்போது மூன்று கேள்விகள் கேளுங்கள்: எதற்காகச் செய்கிறீர்கள், செய்யாவிட்டால் என்ன ஆகும், வேறு வழி உண்டா? புரியாத மொழியில் இருந்தால் புரிகிற ஒருவரை வைத்துச் சொல்லச் சொல்லுங்கள். 2016-இல் வந்த 'வதீமா சட்டம்' என்ற குழந்தை உரிமைச் சட்டமும் (எண் 3) இருக்கிறது. நாடு, மதம், அந்தஸ்து பார்க்காமல் எல்லாக் குழந்தைக்கும் அது பொருந்தும், தொழிலாளியின் பிள்ளைக்கும்தான்.

இந்த இடத்தில் நம்மவர்கள் சொல்வது: "பிழைக்க வந்த இடம், கேள்வி கேட்டால் டாக்டர் கோபிப்பார், புகார் கொடுத்தால் விசாவுக்கே ஆபத்து." இந்த அச்சத்தை நான் இளக்காரமாக நினைக்கவில்லை, வேலையோடு கட்டிய விசாவில் வாழ்கிறவர்களுக்கு அது இயல்பு. ஆனால் ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. கேள்வி கேட்பதும் முறைப்படி புகார் தருவதும் சட்டமே திறந்துவைத்த வழிகள். முதலில் மருத்துவமனையின் நோயாளர் தொடர்புப் பிரிவு, பிறகு சுகாதார அமைச்சகம். மருத்துவத் தவறு என்று தோன்றினால் மருத்துவப் பொறுப்புக் குழு அதை ஆராயும். ஆபத்து வருவது கைபேசியால். கோபத்தில் நர்ஸை வீடியோ எடுப்பதும், பக்கத்துப் படுக்கைப் பிள்ளை தெரிகிற மாதிரி படம் போடுவதும், பேஸ்புக்கில் திட்டுவதும் 2021-ஆம் ஆண்டின் 34-ஆம் எண் இணையக் குற்றச் சட்டத்தில் குற்றமாகலாம். அனுமதியின்றி ஒருவரைப் படமெடுத்துத் தனிமையைக் குலைத்தால் ஆறு மாதத்துக்குக் குறையாத சிறையோ, 1,50,000 முதல் 5,00,000 திர்ஹாம் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். நியாயம் உங்கள் பக்கம் இருந்தும் நீங்களே குற்றவாளி ஆகிவிடாதீர்கள். தேதி, நேரம், சொன்னவர் பெயர், சொன்ன விஷயம் ஆகியவற்றை ஒரு தாளில் குறித்துவையுங்கள். புகாருக்கு அதுவே பலம்.

பணத்துக்கு வருவோம். அஜ்மான் உள்ளிட்ட வட எமிரேட்டுகளில் 2025 ஜனவரி 1 முதல் தனியார் துறை ஊழியருக்கும் வீட்டுப் பணியாளருக்கும் மருத்துவக் காப்பீடு கட்டாயம். அடிப்படைத் திட்டத்தின் கட்டணம் ஆண்டுக்கு 320 திர்ஹாம். செலுத்த வேண்டியவர் முதலாளி. ஆனால் குடும்பத்தாருக்கு அவர் செலுத்தியாக வேண்டியதில்லை. அதே கட்டணத்தில் நாமே சேர்த்துக்கொள்ளலாம். இது தெரியாமல், "கம்பெனி இன்சூரன்ஸ் இருக்கே" என்று நம்பிப் பிள்ளையைச் சேர்க்காமல் விட்டவர்கள்தான் ரிசப்ஷனில் திகைத்து நிற்கிறார்கள். இந்தத் திட்டம் 1 வயது முதல் 64 வயது வரை உள்ளவர்களுக்கானது. கைக்குழந்தைக்கு என்ன வழி என்று காப்பீட்டு நிறுவனத்திடம் பிரசவத்துக்கு முன்பே கேட்டுவிட வேண்டும். உள்நோயாளியாகச் சேர்ந்தால் நம் பங்கு 20 சதவீதம், ஒருமுறைக்கு அதிகபட்சம் 500 திர்ஹாம். அப்ரூவல் மறுக்கப்பட்டால் காரணத்தை எழுத்தில் வாங்குங்கள், மருத்துவரிடம் கூடுதல் குறிப்பு எழுதித் தரக் கேளுங்கள். நிறுவனத்திடம் புகார் கொடுத்து 30 நாளில் தீராவிட்டால் 'சனதக்' என்ற குறைதீர் அமைப்பை நாடலாம். அவசர சிகிச்சைக்கு இத்தனை காத்திருப்பு வேண்டாம். அதை முதலில் கேட்டுப் பெறுங்கள்.

காப்பீடு இல்லாதபோது நம்மவர்கள் உடனே செய்வது வாட்ஸ்அப் குழுவில் பிள்ளையின் படத்தையும் வங்கிக் கணக்கு எண்ணையும் போட்டுப் பணம் திரட்டுவது. நல்ல மனம்தான். ஆனால் அமீரகத்தில் தனியாட்கள் நன்கொடை திரட்ட 2021-ஆம் ஆண்டின் 3-ஆம் எண் சட்டம் தடை விதிக்கிறது. அபராதம் லட்சக்கணக்கான திர்ஹாம். எமிரேட்ஸ் செம்பிறைச் சங்கம் போன்ற உரிமம் பெற்ற அறநிறுவனங்களிடம் மருத்துவ அறிக்கையோடு விண்ணப்பிப்பதுதான் பாதுகாப்பான வழி. இந்தியர்களுக்கு துபாயிலுள்ள துணைத் தூதரகம் அஜ்மானையும் பார்த்துக்கொள்கிறது. 2009-இல் தொடங்கிய இந்தியச் சமூக நல நிதியிலிருந்து, வேறு வழியற்றவர்களின் அவசரச் சிகிச்சைக்கு உதவ இடமுண்டு. எல்லோருக்கும் கிடைத்துவிடும் என்று எண்ணிவிட வேண்டாம். இந்தியத் துணைத் தூதரகத்தின் 800 46342 என்ற இலவச எண்ணில் எந்நேரமும் பேசலாம். இலங்கைத் தமிழர்கள் துபாயிலுள்ள தங்கள் துணைத் தூதரகத்தை அணுகலாம்.

வேலை விஷயத்தில் சட்டம் பாதிக் கிணறுதான் தாண்டியிருக்கிறது. 2021-ஆம் ஆண்டின் 33-ஆம் எண் தொழிலாளர் சட்டப்படி பிரசவ விடுப்பு 60 நாள். பிறந்த குழந்தை நோயுற்றோ, எப்போதும் துணை தேவைப்படும் குறைபாட்டோடோ இருந்தால், அதற்குப் பின் தாய்க்கு முழுச் சம்பளத்தோடு இன்னும் 30 நாளும், சம்பளமின்றி மேலும் 30 நாளும் உண்டு. மருத்துவ அறிக்கை வேண்டும். இதைக் கேட்காமலே வேலைக்குத் திரும்பிவிடாதீர்கள். ஆனால் நான்கு வயதுப் பிள்ளைக்கு நிமோனியா என்றால் அந்த அம்மாவுக்கோ அப்பாவுக்கோ தனியார் துறையில் தனி விடுப்பு கிடையாது. ஆண்டு விடுப்பில் எடுக்க வேண்டும், அல்லது சம்பளம் இழக்க வேண்டும். குடும்பத்தில் ஒருவர் இறந்தால் துக்க விடுப்பு தரும் சட்டம், பிழைக்கப் போராடும் அந்த நான்கு வயதுப் பிள்ளையின் பக்கத்தில் இருக்க ஒரு நாள்கூடத் தரவில்லை. இது மாற வேண்டும். 'வியாபாரம் நடக்க வேண்டாமா' என்று முதலாளிகள் கேட்பார்கள். மனம் வார்டில் இருக்க, உடம்பை மட்டும் கொண்டுவந்து வண்டி ஓட்டுகிறவராலும் எந்திரம் இயக்குகிறவராலும் வரும் இழப்பை அவர்கள் கணக்கில் சேர்ப்பதில்லை. சட்டம் வரும்வரை, மருத்துவமனையின் உள்நோயாளிச் சான்றிதழை இணைத்து இமெயிலில் விடுப்பு கேளுங்கள். வாய்ச்சொல்லாக மட்டும் சொல்லிவிட்டு வராமலிருந்தால், சொல்லாமல் நின்றதாக ஆகிவிடும்.

ஊருக்கே கொண்டுபோய்விடலாம் என்ற எண்ணம் எல்லோருக்கும் வரும். சில நோய்களுக்கு அது சரியான முடிவுதான். ஆனால் பிள்ளை பறக்கத் தகுதியானதா என்று மருத்துவர் எழுதித் தர வேண்டும், விமான நிறுவனமும் ஒப்ப வேண்டும். போனாலும் இருந்தாலும், டிஸ்சார்ஜ் சம்மரி, ரத்தப் பரிசோதனை, ஸ்கேன் எல்லாவற்றுக்கும் நகல் வாங்குங்கள். மருத்துவத் தகவல்களைக் குறைந்தது 25 ஆண்டுகள் பாதுகாக்க வேண்டும் என்பது 2019-இல் வந்த சட்டம், அதனால் பிறகும் கேட்கலாம். கிளம்புவதற்கு முன்பு மருந்தின் அளவு பிள்ளையின் எடைக்குச் சரிபார்த்ததா, எத்தனை நாள் தர வேண்டும், வீட்டில் தரும் கஷாயமோ கிரைப் வாட்டரோ இதோடு சேருமா என்று கேளுங்கள். இரவில் எந்த அறிகுறி தெரிந்தால் காலைவரை காத்திருக்காமல் திரும்ப வர வேண்டும் என்பதைத் தாளில் எழுதித் தரச் சொல்லுங்கள். வண்டி இல்லாத வீடாக இருந்தால், அதே தாளில் ஆம்புலன்ஸ் எண் 998-ஐயும் எழுதி, கட்டட வாட்ச்மேனுக்குப் புரியும்படி வீட்டு முகவரியையும் குறித்துக் கதவில் ஒட்டிவையுங்கள்.