ஷாக் அப்சார்பர் மேல் மட்டும் பழி போடாதீர்கள்

ஆக்லாந்தின் நியூ லின்னிலிருந்து மேற்கே கிளம்பினால் டிடிராங்கி வரை சாலை சாதுவாகத்தான் இருக்கும். அங்கே சீனிக் டிரைவில் ஏறியதும் வைட்டாக்கெரே மலைத்தொடர் தொடங்கிவிடும். ஸ்வான்சன் வரை வளைவுக்கு மேல் வளைவு. நகருக்குள் ஆண்டுக்கணக்கில் தலைகாட்டாத கோளாறு இந்த மலைச்சாலையில்தான் வெளியே வரும். ஜப்பானிலிருந்து பழைய வண்டியாக வந்திறங்கிய ஹைலக்ஸ் சர்ஃபோ பஜேரோவோ ஒரேயடியாகச் சாய்கிறது. ஸ்டியரிங்கைத் திருப்பிய அளவுக்கு மூக்கு திரும்ப மறுக்கிறது. நடு வளைவில் பின்பக்கம் தன்னிஷ்டத்துக்கு நகர்கிறது. உடனே பலர் செய்யும் முதல் காரியம், நாலு ஷாக் அப்சார்பர் வாங்குவது. பெரும்பாலான வண்டிகளில் அதைக் கடைசியாகத்தான் செய்ய வேண்டும்.

காரணம் எளியது. ஷாக் அப்சார்பரின் வேலை அசைவை அடக்குவது. வண்டி எவ்வளவு வேகமாகச் சாய்கிறது, சாய்ந்த பிறகு எத்தனை முறை ஆடி அடங்குகிறது என்பவை அதன் பொறுப்பு. நீண்ட வளைவில் ஒரே சாய்வில் நிலைத்துவிட்ட வண்டி எந்த அளவுக்குச் சாய்ந்து நிற்கிறது என்பதை ஸ்பிரிங்குகளும், இடது வலது சக்கரங்களை இணைக்கும் ஆன்டி-ரோல் பார் என்ற எஃகுத் தண்டும்தான் தீர்மானிக்கின்றன. சட்டென்று சாய்ந்து, நிமிர்ந்து, மறுபடி ஆடினால் ஷாக்கைச் சந்தேகிக்கலாம். நிதானமாகச் சாய்ந்து அப்படியே ஆழமாக நின்றால், புது ஷாக் போட்டும் பயன் இருக்காது.

உடல்வாகு வேறு, நோய் வேறு என்பதையும் மறக்கக் கூடாது. இடது வலது சக்கரங்களுக்கு இடையிலான அகலத்தில் பாதியை, வண்டியின் ஈர்ப்பு மையத்தின் உயரத்தால் வகுத்தால் கிடைக்கும் எண், கவிழாமல் நிற்கும் திறனுக்கு ஓர் அளவுகோல். அமெரிக்கச் சாலைப் பாதுகாப்புத் துறை 2001 முதல் இதைக் கொண்டு வண்டிகளுக்கு மதிப்பீடு தருகிறது. சாதாரண கார்களுக்கு இந்த எண் 1.3 முதல் 1.5 வரை வரும். உயரமான எஸ்யூவி, பிக்அப்களுக்கு 1.0 முதல் 1.3 வரை. எந்த மெக்கானிக்காலும் பஜேரோவை கரோலாவாக மாற்ற முடியாது. ஆகவே கேட்க வேண்டிய கேள்வி, வண்டி சாய்கிறதா என்பதல்ல. போன வருடத்தைவிட இப்போது அதிகம் சாய்கிறதா, இடப்பக்க வளைவில் ஒரு மாதிரியும் வலப்பக்க வளைவில் வேறு மாதிரியும் நடக்கிறதா என்பதுதான்.

ஸ்பேனரைத் தொடுவதற்கு முன் கியர் லீவருக்குப் பக்கத்தில் இருக்கும் சின்ன லீவரைப் பாருங்கள். பழைய ஃபோர்-வீல் டிரைவ் வண்டிகள் பலவற்றில் முன் அச்சும் பின் அச்சும் 4எச் என்ற நான்கு சக்கர இயக்க நிலையில் இறுகப் பிணைந்து ஒரே வேகத்தில்தான் சுழலும். வளைவிலோ இரண்டும் ஒரே தூரம் ஓடுவதில்லை. தமிழ்நாட்டின் கொல்லிமலையில் எழுபது கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. அப்படி ஒன்றில், 2.7 மீட்டர் வீல்பேஸ் உள்ள வண்டியின் பின் அச்சு 8 மீட்டர் ஆரத்தில் அரைவட்டம் போடுகிறது என்று வைத்துக்கொள்வோம். பின் அச்சு 25 மீட்டரை ஒட்டி ஓடும். முன் அச்சு அதைவிடச் சுமார் 1.4 மீட்டர் கூடுதலாக ஓடியாக வேண்டும். சேற்றிலும் மணலிலும் டயர் வழுக்கி இந்த வித்தியாசத்தைச் சரிக்கட்டிவிடும். காய்ந்த தார்ச்சாலையில் வழுக்க இடமில்லாததால் கியர்களும் ஷாஃப்ட்டுகளும் முறுக்கேறுகின்றன. ஸ்டியரிங் கனக்கும், டயர் கிறீச்சிடும், வண்டி வளைவுக்கு வெளியே தள்ளும்.

பஜேரோவில் 1991-இல் வந்த சூப்பர் செலக்ட் அமைப்பு இதற்குத்தான் நடுவில் ஒரு டிஃபரன்ஷியலையும் விஸ்கஸ் கப்ளிங்கையும் வைத்தது. அதில் 4எச்சைத் தார்ச்சாலையிலும் பயன்படுத்தலாம். ஆனால் அந்தக் கப்ளிங் இறுகிவிட்டாலோ, முன் டயர்களும் பின் டயர்களும் தேய்மானத்தில் பெரிதும் வேறுபட்டாலோ பழைய தொல்லை திரும்பி வரும். காலியான கார் நிறுத்தத்தில், பழைய அமைப்பு என்றால் 2எச் என்ற இரு சக்கர இயக்க நிலையிலும், சூப்பர் செலக்ட் என்றால் 4எச்சிலும் வைத்து, ஸ்டியரிங்கை முழுக்கத் திருப்பி, நடை வேகத்தில் ஒரு வட்டம் போட்டுப் பாருங்கள். இழுக்காமல் உருண்டால் இந்தப் பக்கம் நோய் இல்லை.

அடுத்தது டயர். ஆக்லாந்துக்கு மேற்கே முரிவாய் கடற்கரை மணலில் ஓட்டக் காற்றைக் குறைத்தவர்கள் மறுபடி நிரப்ப மறந்து வீடு திரும்புவது உண்டு. காற்று குறைந்த டயரின் பக்கச் சுவர் வளைவில் மடிந்துகொடுக்கும்; ஸ்டியரிங் சொன்னது தரைக்குப் போய்ச் சேரத் தாமதமாகும். குறைந்த காற்று டயரைச் சூடாக்கி உரிக்கவும் செய்யும். அமெரிக்காவில் ஃபோர்டு எக்ஸ்ப்ளோரருக்கு அந்த நிறுவனம் பரிந்துரைத்திருந்த அழுத்தம் 26 பிஎஸ்ஐ. ஃபயர்ஸ்டோன் டயர் உரிந்து அவ்வண்டிகள் கவிழ்ந்த விவகாரத்தில் இந்த எண்ணும் பெரிய சர்ச்சையானது. 2000 ஆகஸ்டில் 65 லட்சம் டயர்கள் திரும்பப் பெறப்பட்டன.

டயரின் தேய்மானம் ஒரு முழு வாக்குமூலம். இரண்டு ஓரமும் தேய்ந்தால் காற்றுக் குறைவு; நடு மட்டும் தேய்ந்தால் காற்று அதிகம். ஒரே ஓரம் தேய்ந்தால் அலைன்மென்ட் தவறியிருக்கிறது. கையால் தடவும்போது ஒரு திசையில் வழவழப்பும் எதிர்த் திசையில் சொரசொரப்பும் தெரிந்தால் டோ கோணம், அதாவது சக்கரங்கள் உள்ளேயோ வெளியேயோ திரும்பி நிற்கும் அளவு, கெட்டிருக்கிறது. அங்கங்கே குழி விழுந்திருந்தால்தான் ஷாக் அப்சார்பர் மீது சந்தேகம் வலுக்கிறது.

இதற்குப் பிறகுதான் ஜாக்கி. ஸ்டாண்டு வைக்காமல் வண்டிக்கு அடியில் யாரும் தலையை நீட்ட வேண்டாம். தூக்கிய சக்கரத்தை மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டினால் வீல் பேரிங், பால் ஜாயின்ட் தளர்ச்சி தெரியும். இடமும் வலமுமாக ஆட்டினால் டை ராட் முனை. ஜாக்கியை எங்கே முட்டுக் கொடுப்பது என்பது சஸ்பென்ஷன் அமைப்பைப் பொறுத்தது. தவறான இடத்தில் கொடுத்தால் தேய்ந்த ஜாயின்ட்கூட இறுக்கமாக இருப்பதுபோல் நடிக்கும். பின்பக்கம் தானாகத் திரும்புவதுபோல் தோன்றும் வண்டிகளில், பின் அச்சைப் பிடித்திருக்கும் கைகளின் ரப்பர் புஷ்களைப் பாருங்கள். வெடித்த புஷ், ஆக்சிலரேட்டரை அழுத்தும்போதும் விடும்போதும் அச்சையே கொஞ்சம் திருப்பிவிடும்.

லிஃப்ட் கிட் போட்டு உயர்த்திய வண்டிகள் தனி ரகம். ஈர்ப்பு மையம் மேலேறுகிறது, காஸ்டர் கோணம் குறைகிறது, ஸ்டியரிங் தானாக நேருக்கு வரும் குணத்தை இழக்கிறது. மேடு பள்ளத்தில் சக்கரம் நன்றாக இறங்கட்டும் என்று ஆன்டி-ரோல் பாரைக் கழற்றி வைத்துவிட்டு மலைச்சாலையில் ஓட்டுவது ஆபத்து. இந்த முரண்பாட்டுக்கு மேற்கு ஆஸ்திரேலியாவின் கைனெடிக் நிறுவனம் ஓர் அழகான விடை கண்டது. முன் பின் ஆன்டி-ரோல் பார்களை ஹைட்ராலிக் குழாய்களால் இணைத்து, சாலை வளைவில் இறுகவும் கரடுமுரடில் தளரவும் செய்தது. டொயோட்டா அதை கேடிஎஸ்எஸ் என்ற பெயரில் எடுத்துக்கொண்டது.

எல்லாக் கோளாறும் இரும்பில் இருப்பதில்லை. 2010 ஏப்ரலில் அமெரிக்காவின் கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் இதழ் லெக்சஸ் ஜிஎக்ஸ் 460-ஐ வாங்க வேண்டாம் என்று எச்சரித்தது. வளைவில் ஆக்சிலரேட்டரைச் சட்டென்று விட்டால் பின்பக்கம் அளவுக்கு மீறி வெளியே வீசியது. சறுக்கலைத் தடுக்க வேண்டிய மின்னணு நிலைப்புக் கட்டுப்பாடு தாமதமாகத்தான் விழித்தது. லெக்சஸைத் தயாரிக்கும் டொயோட்டா விற்பனையை நிறுத்தி, மென்பொருளைத் திருத்தியது. நியூசிலாந்தில் 2016 மார்ச்சிலிருந்து இறக்குமதியாகும் பழைய ஃபோர்-வீல் டிரைவ் எஸ்யூவிகளுக்கு இந்தக் கட்டுப்பாடு கட்டாயம். அதற்கு முன்பே வந்திறங்கிய வண்டிகள் பலவற்றில் அது இல்லை.

வாரன்ட் ஆஃப் ஃபிட்னெஸ் என்ற நியூசிலாந்தின் வாகனத் தகுதிச் சோதனையில் ஸ்டியரிங்கையும் சஸ்பென்ஷனையும் பார்க்கிறார்கள். ஆனால் அந்தச் சான்று அன்றைய நிலைக்குத்தான். அடுத்த வாரமே கடற்கரை உப்பில் ஒரு பால் ஜாயின்டின் ரப்பர் உறை கிழிந்து, மணல் உள்ளே புகுந்திருக்கலாம். 1990-களின் பிற்பகுதியில் வந்த 185 வரிசை ஹைலக்ஸ் சர்ஃப் வைத்திருப்பவர்களுக்கு இது மிக முக்கியம். அதன் கீழ்ப் பால் ஜாயின்டை வண்டியின் எடையே பிரித்திழுக்கும். கழன்றால் முன்சக்கரம் மடங்கிவிடும். அதில் ஆட்டம் தெரிந்தால், மெதுவாக ஓட்டிக்கொண்டே ஒர்க்‌ஷாப்புக்குப் போய்விடலாம் என்று நினைக்காதீர்கள். டோ டிரக்கை அழையுங்கள்.