பூனையின் இருமலும் எக்ஸ்ரே படமும்

"தொண்டையில முடி அடைச்சிருக்கு... தானா கக்கிடும், விடுங்க!"

வேடசந்தூர்ப் பக்கம் பூனை தரையோடு பதுங்கி, கழுத்தை நீட்டி இருமினால் வீட்டுப் பெரியவர்கள் சொல்வது இதுதான். பல சமயம் அது சரியாகவும் இருக்கும். ஆனால், எதையும் கக்காமல் இருமல் மட்டும் வாரக்கணக்கில் நீடித்து, மூச்சும் வாங்கினால்? நுரையீரல் புழுவாகவும் இருக்கலாம்.

மழைக்காலத்தில் தோட்டத்தில் ஊரும் நத்தைக்குள் இந்தப் புழுவின் குஞ்சு வளரும். அந்த நத்தையைத் தின்ற எலி, பல்லி, தவளை, குருவி எதையாவது பூனை பிடித்துத் தின்றால் போதும். முடி போன்ற புழு நுரையீரலின் கடைசிச் சிறுகுழாய்களில் போய் உட்கார்ந்து முட்டையிடும். பொரித்த குஞ்சுகள் இருமலோடு தொண்டைக்கு ஏறி, விழுங்கப்பட்டு, மலத்தில் வெளியேறும்.

எக்ஸ்ரேயில் என்ன தெரியும்? காற்று நிறைந்த நுரையீரல் கறுப்பாக விழும். புழு வந்த நுரையீரலில் தடித்த மூச்சுக்குழாய்கள் வெள்ளை வளையங்களாகவும் தண்டவாளம் போன்ற கோடுகளாகவும் தெரியும். அங்கங்கே பஞ்சு ஒட்டினாற்போல் திட்டுகள் இருக்கும். தொற்றிய 5 முதல் 15 வாரத்துக்குள்தான் இவை அதிகம். சி.டி. ஸ்கேனில் சின்னச் சின்ன முடிச்சுகள்கூடத் தெரியும். ஆனால் பூனை அசையாமல் இருக்க மயக்க மருந்து தேவைப்படலாம்.

சிக்கல் என்னவென்றால், ஆஸ்துமா வந்த பூனையின் படமும் ஏறக்குறைய இப்படியே இருக்கும். படம் நிழலைக் காட்டுமே தவிர, புழுவின் பெயரைச் சொல்லாது!

மனிதர்களுக்கே இது நடந்திருக்கிறது. அன்றைய சென்னை மாகாணத்தில், மதனப்பள்ளி அருகே ஆரோக்கியவரம் காசநோய் மருத்துவமனை. இருமல், இளைப்பு, எக்ஸ்ரேயில் பொடிப் புள்ளிகள்... பார்த்தால் காசநோய் மாதிரியே. ரத்தத்திலோ ஈசினோபில் அணுக்கள் ஏகத்துக்கும் அதிகம். 'இது காசநோய் அல்ல, காசநோய் போல நடிக்கும் வேறொன்று' என்று டாக்டர்கள் ஃப்ரிமோட்-மோலரும் பார்ட்டனும் 1940-ல் எழுதினார்கள். 1943-ல் வைன்கார்ட்டன் அதற்கு 'டிராப்பிக்கல் ஈசினோபிலியா' என்று பெயர் வைத்தார். காரணம் யானைக்கால் நோய்க்கிருமி என்பது பிறகுதான் தெரிந்தது. இரவில் இருமி இளைக்கும் நம் வீட்டு 'ஈஸ்னோபீலியா'க்காரர்களில் சிலருக்கு இருப்பது இதுவே.

"பூனைப்புழு குழந்தைக்கு ஒட்டிக்குமா டாக்டர்?" என்று கேட்கும் அம்மாக்களுக்கு: இந்தப் புழு மனிதர்களுக்குத் தொற்றுவதில்லை. பயம் வேண்டாம்.

பூனையில் நோயை உறுதி செய்வது மலப் பரிசோதனை. வலைத்துணியில் கட்டிய மலத்தை வெதுவெதுப்பான நீர் நிறைந்த புனலில் ஓர் இரவு தொங்கவிட்டால் குஞ்சுகள் நீந்தி அடியில் இறங்கும். மைக்ராஸ்கோப்பில் பார்த்துவிடலாம். தினமும் வெளிவராது என்பதால் மூன்று நாள் மலம் பார்ப்பது நல்லது. புழு என்று உறுதியானால் மருந்து உண்டு. எடை பார்த்து டாக்டர்தான் கொடுக்க வேண்டும். இருமல் நின்ற பிறகும் எக்ஸ்ரே நிழல் சில காலம் தங்கும், அதைப் பார்த்துக் கலங்காதீர்கள்.

உள்ளூர்க் கால்நடை மருத்துவமனையில் எக்ஸ்ரே இல்லாவிட்டால், கரூர் தாண்டி நாமக்கல்லில் கால்நடை மருத்துவக் கல்லூரி 1985-லிருந்து இருக்கிறது. அதுவரைக்கும் வீட்டு மருந்துப் பெட்டியைத் திறக்காதீர்கள். நமக்குச் சாதாரணமான பாராசிட்டமால் பூனைக்கு விஷம். ஒரே மாத்திரை உயிரை எடுத்துவிடும். மலத்தைப் புதிதாக, மண் ஒட்டாமல் எடுத்துப் போங்கள். மண்ணில் கிடந்ததென்றால் மண்ணில் வாழும் புழுக்களும் அதில் ஏறிக்கொண்டு, பரிசோதிப்பவரைக் குழப்பிவிடும்.