உங்கள் பற்களுக்கு ஏற்ற பற்பசை எது?

பேரங்காடியில் பற்பசை அடுக்கியிருக்கும் பகுதிக்குச் சென்றால் எதை வாங்குவது என்ற குழப்பம் வருவது இயல்பு. பல் வெண்மைக்கு ஒன்று, பல் கூச்சத்துக்கு ஒன்று, ஈறுகளுக்கு ஒன்று, மூலிகை சேர்த்தது ஒன்று, கரி கலந்தது ஒன்று எனப் பல வகைகள் இருக்கின்றன. அதனால் நம்மில் பலர் பல ஆண்டுகளாக வாங்கிவரும் அதே பற்பசையை எடுத்துக்கொண்டு வந்துவிடுகிறோம்.

ஆனால், 30 வயதில் உங்களுக்குப் பொருத்தமாக இருந்த பற்பசை 65 வயதிலும் பொருத்தமாக இருக்கும் என்று சொல்ல முடியாது. வயதாகும்போது வாயில் ஏற்படும் மாற்றங்களைத் தெரிந்துகொண்டால், சரியான பற்பசையைத் தேர்ந்தெடுப்பது எளிது.

வயதாகும்போது வாயில் என்ன நடக்கிறது?

வெளியே தெரியும் பல்லை எனாமல் என்ற உறை மூடியிருக்கிறது. நம் உடலிலேயே மிகக் கடினமான பொருள் அதுதான். ஆனால், ஈறுக்குள் மறைந்திருக்கும் வேருக்கு அந்த உறை கிடையாது. ஈறு நோயாலோ, பல ஆண்டுகள் பல்லை அழுத்தித் தேய்த்ததாலோ ஈறு தேய்ந்து விலகும்போது வேர் வெளியே தெரியத் தொடங்கும். “பல் நீளமாகிவிட்டதுபோல் இருக்கிறது” என்று சிலர் சொல்வதற்கு இதுவே காரணம்.

நாம் உண்ணும் சர்க்கரையைக் கொண்டு வாயிலுள்ள கிருமிகள் அமிலத்தை உண்டாக்குகின்றன. அந்த அமிலம் எனாமலைவிட வேரை எளிதாக அரித்துவிடும். வேரில் ஏற்படும் சொத்தை தொடக்கத்தில் வலிக்காமல் இருக்கலாம். ஈறு ஓரத்தில் பல் முறிந்த பிறகுதான் சிலருக்கு அது தெரியவருகிறது.

உமிழ்நீர் இந்த அமிலத்தைத் தணிக்கும். ஆனால், உயர் இரத்த அழுத்தம், ஒவ்வாமை, மனச்சோர்வு போன்றவற்றுக்கு எடுத்துக்கொள்ளும் சில மருந்துகள் உமிழ்நீரைக் குறைத்துவிடுகின்றன. நீரிழிவு உள்ளவர்களுக்கும் வாய் வறட்சி, ஈறு நோய் ஆகியவை ஏற்படும் வாய்ப்பு அதிகம்.

முதலில் பார்க்க வேண்டியது: ஃபுளோரைடு

சுவை, நிறம், நுரை, விலை ஆகிய எல்லாவற்றையும்விட முக்கியமானது, பற்பசையில் ஃபுளோரைடு இருக்கிறதா என்பதே. அமிலத்தால் பல் இழந்த தாதுப்பொருள்கள் மீண்டும் பல்லில் படிவதற்கு ஃபுளோரைடு உதவுகிறது. பல்லின் மேற்பரப்பையும் வெளியே தெரியும் வேரையும் அது வலுவாக்குகிறது.

பற்பசைப் பெட்டியிலோ குழாயின் பின்புறத்திலோ ஃபுளோரைடின் அளவு ‘பிபிஎம்’ என்ற கணக்கில் அச்சிடப்பட்டிருக்கும். 1,000 முதல் 1,500 வரையிலான ஓர் எண்ணைத் தேடுங்கள். பல பற்பசைகளில் 1,450 என்று இருக்கும். எழுத்து சிறியதாக இருந்தால் கடை ஊழியரையோ பேரப்பிள்ளைகளையோ படித்துச் சொல்லச் சொல்லுங்கள்.

வேம்பு, கிராம்பு போன்ற மூலிகைகள் சேர்த்த பற்பசையை விரும்புகிறீர்களா? தாராளமாகப் பயன்படுத்தலாம். ஆனால், மூலிகைப் பற்பசைகளில் சிலவற்றில் ஃபுளோரைடு இருக்கும், சிலவற்றில் இருக்காது. பெயரையோ முன்பக்கப் படத்தையோ வைத்து முடிவு செய்யாமல், அதே எண்ணைத் தேடிப் பாருங்கள்.

“நம் குழாய்நீரில்தான் ஃபுளோரைடு இருக்கிறதே?” என்று நீங்கள் கேட்கலாம். சிங்கப்பூரில் 1950களின் பிற்பகுதியிலிருந்து குடிநீரில் ஃபுளோரைடு சேர்க்கப்படுகிறது. அது நம் பற்களுக்கு நல்ல பாதுகாப்பு அளிக்கிறது. ஆனால், அந்த அளவு மிகக் குறைவு. அதனால் ஃபுளோரைடு பற்பசையும் தேவைப்படுகிறது.

உங்கள் தேவை என்ன?

• குளிர்ந்த நீர் பட்டால் பல் கூசுகிறதா? கூச்சத்தைக் குறைக்கும் பற்பசையை வாங்குங்கள். அதிலும் ஃபுளோரைடு இருக்க வேண்டும். ஒரே நாளில் பலன் தெரியாது. காலையும் இரவும் விடாமல் 2 முதல் 4 வாரம் பயன்படுத்துங்கள். அதன் பிறகும் கூச்சம் நீடித்தால் பல் மருத்துவரைப் பாருங்கள். சொத்தையோ விரிசலோ காரணமாக இருக்கலாம்.

• வாய் வறண்டுபோகிறதா? காரமான புதினாச் சுவையும் அதிக நுரையும் எரிச்சல் தரலாம். காரம் குறைந்த, அதிகம் நுரைக்காத பற்பசை இதமாக இருக்கும். அடிக்கடி சிறிது தண்ணீர் குடியுங்கள். மருந்தை நீங்களாகவே நிறுத்திவிடாதீர்கள். மருத்துவரிடம் சொல்லுங்கள்.

• ஈறில் இரத்தம் கசிகிறதா? ஈறுகளுக்கான பற்பசை ஓரளவு உதவலாம். ஆனால், பல்லில் கல்போல் இறுகிய காரையை எந்தப் பற்பசையாலும் அகற்ற முடியாது. அதைப் பல் மருத்துவர்தான் சுத்தம் செய்ய வேண்டும்.

• அடிக்கடி சொத்தை ஏற்படுகிறதா? ஃபுளோரைடு அதிகமுள்ள சிறப்புப் பற்பசையைப் பல் மருத்துவர் பரிந்துரைக்கலாம். அவரது ஆலோசனை இல்லாமல் அதைப் பயன்படுத்த வேண்டாம்.

எவற்றில் கவனம் தேவை?

பற்பொடி, கரித்தூள், உப்பு ஆகியவற்றால் பல் துலக்கி வளர்ந்தவர்கள் நம்மில் பலர். அவற்றின் சொரசொரப்பான துகள்கள் பல்லைத் தேய்க்கக்கூடியவை. ஈறு விலகி வேர் வெளியே தெரியும் வயதில் அந்தப் பழக்கம் பாதிப்பை ஏற்படுத்தலாம். பல்லை வெண்மையாக்கும் பற்பசைகளில் சிலவும் அப்படிப்பட்டவையே. வெற்றிலைக் கறையும் தேநீர்க் கறையும் போக வேண்டும் என்று அழுத்தித் தேய்க்காதீர்கள். பல் மருந்தகத்தில் சுத்தம் செய்துகொள்வது பாதுகாப்பானது.

பொய்ப்பல் செட்டைப் பற்பசையால் தேய்க்க வேண்டாம். அதில் ஏற்படும் நுண்ணிய கீறல்களில் கிருமிகள் தங்கிவிடும். மென்மையான தூரிகை, மிதமான திரவச் சவர்க்காரம், தண்ணீர் ஆகியவற்றைக் கொண்டு கழுவுங்கள். இரவில் கழற்றித் தண்ணீரில் வையுங்கள். வாயில் எஞ்சியுள்ள சொந்தப் பற்களை ஃபுளோரைடு பற்பசையால் துலக்க மறவாதீர்கள்.

எப்படித் துலக்குவது?

1. ஒரு நாளைக்கு 2 முறை, ஒவ்வொரு முறையும் 2 நிமிடம் துலக்குங்கள். அவற்றில் ஒன்று இரவு படுக்கச் செல்வதற்குமுன் இருக்கட்டும். தூங்கும்போது உமிழ்நீர் குறைவாகச் சுரப்பதால் பற்களுக்குப் பாதுகாப்பும் குறைகிறது.

2. மென்மையான இழைகள் கொண்ட தூரிகையில் பட்டாணி அளவு பற்பசை போதும். மூட்டுவலியால் கை பிடிக்கச் சிரமமாக இருந்தால், பருத்த கைப்பிடி உள்ள தூரிகையை வாங்குங்கள்.

3. ஈறும் பல்லும் சேரும் இடத்தில் சிறு சிறு வட்டமாக, அழுத்தாமல் துலக்குங்கள்.

4. நுரையைத் துப்பிவிடுங்கள். ஆனால், தண்ணீர் விட்டு நன்றாகக் கொப்பளிக்காதீர்கள். பழகிய வழக்கத்தை மாற்றுவது சிரமம்தான். ஆனால், கொப்பளித்தால் ஃபுளோரைடும் போய்விடும். அது பல்லில் தங்கியிருந்தால்தான் பலன் கிடைக்கும்.

5. இரவு பல் துலக்கிய பிறகு சீனி சேர்த்த பானம், பால், பிஸ்கட் எதுவும் வேண்டாம். தண்ணீர் மட்டும் குடிக்கலாம்.

பல் மருத்துவரை எப்போது பார்க்க வேண்டும்?

வலி இல்லாவிட்டாலும் பல் மருத்துவர் சொல்லும் கால இடைவெளியில் பரிசோதனைக்குச் செல்லுங்கள். பல் ஆட்டம், ஈறு வீக்கம், வேரில் பழுப்பு நிறப் புள்ளி, 2 வாரத்துக்கு மேல் ஆறாத புண், வாயில் வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு ஆகியவற்றில் ஏதேனும் தெரிந்தால் தாமதிக்காதீர்கள். வெற்றிலை, பாக்கு, புகையிலை பழக்கம் உள்ளவர்களுக்கு இது மிக முக்கியம்.

முன்னோடித் தலைமுறையினரும் மெர்டேக்கா தலைமுறையினரும், நீலநிற அல்லது ஆரஞ்சுநிறச் ‘சாஸ்’ அட்டை உள்ளவர்களும், திட்டத்தில் பங்கேற்கும் பல் மருந்தகங்களில் குறிப்பிட்ட சிகிச்சைகளுக்கு மானியம் பெறலாம். முன்பதிவு செய்யும்போதே கட்டணத்தையும் மானியத்தையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அடையாள அட்டையையும், நீங்கள் சாப்பிடும் மருந்துகளின் பட்டியலையும் எடுத்துச் செல்லுங்கள்.

வயதாகிவிட்டால் பல் விழத்தான் செய்யும் என்பது உண்மையன்று. நன்கு பராமரித்தால் சொந்தப் பற்கள் கடைசிவரை நிலைக்கும். முறுக்கு, கொய்யா, கறி என நீங்கள் விரும்பியதை மென்று உண்ணலாம். போதிய சத்தும் கிடைக்கும். இன்றிரவு பல் துலக்கும்போது, உங்கள் பற்பசைக் குழாயைத் திருப்பி அந்த எண்ணைப் பாருங்கள். 1,000 அல்லது அதற்கு மேல் இல்லையென்றால், அடுத்த முறை கடைக்குச் செல்லும்போது மாற்றிவிடுங்கள்.